ஒரே சாக்கெட், இரு வேறு பிராசசர்: பினாங்கு வரைபட அலுவலகம் ஒன்றில் நடந்தது

பின்னணி

ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் இயங்கும் கட்டட வரைபட அலுவலகம் அது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் வரைபடம் போடுவது அங்கே அன்றாட வேலை. அவற்றை முப்பரிமாணப் படமாகவும், கட்டடத்துக்குள் நடந்து பார்ப்பது போன்ற காணொளியாகவும் ஆக்கித் தருவது கூடுதல் வருமானம். கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த் வட்டாரத்தில் உள்ள கோயில் ஒன்றின் திருப்பணிக் குழு, எழுப்பவிருக்கும் ஐந்து நிலை ராஜகோபுரம் எப்படி இருக்கும் என்று நன்கொடையாளர்களுக்குக் காட்ட ஒரு காணொளி கேட்டிருந்தது.

வீட்டுக்கும் கோபுரத்துக்கும் கணினி வேலையில் பெரிய வேறுபாடு உண்டு. வீடு என்பது பெரும்பாலும் தட்டையான சுவர். கோபுரமோ நிலைக்கு நிலை சுதைச் சிற்பம்; ஒவ்வொரு சிற்பமும் லட்சக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆனது. கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகத்தில் அந்தக் காட்சி முழுதும் அடங்கவில்லை. ஆகவே மாதிரியைக் கணக்கிட்டுப் படமாக்கும் ரெண்டரிங் வேலை பிராசசரின் தலையில் விழுந்தது.

அலுவலகத்தில் இருந்தது மறுவிற்பனையில் வாங்கிய வொர்க்ஸ்டேஷன். இன்டெல் சி602 சிப்செட், பிராசசர் உட்காரும் சாக்கெட் எல்ஜிஏ 2011 வகையில் இரண்டு. ஒன்றில் ஜியான் ஈ5-2670 இருந்தது: 8 கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதிகள்), 2.6 கிகாஹெர்ட்ஸ், 20 எம்பி கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள சிறு நினைவகம்), 115 வாட். 2012இல் வெளிவந்த தலைமுறை. மற்றச் சாக்கெட் பிளாஸ்டிக் மூடியோடு காலியாகக் கிடந்தது. ரேம் 64 ஜிபி. காலிச் சாக்கெட்டைப் பார்க்கும் எவருக்கும் தோன்றும் எண்ணம்தான் உரிமையாளருக்கும் தோன்றியது: இன்னொன்று வாங்கிப் போட்டால் வேகம் இரட்டிப்பாகுமே.

முதல் முயற்சி

இணையத்தில் கோலாலம்பூர் விற்பனையாளர் ஒருவரிடம் “2670” என்று தேடி, விலை படிந்ததை வாங்கினார்கள். கூடவே இரண்டாம் பிராசசருக்கான வெப்பத் தணிப்பானும் நான்கு 16 ஜிபி ரேம் பட்டைகளும். வந்து சேர்ந்தது ஈ5-2670 வி2. “சாக்கெட் ஒன்றுதான், உட்காரும்” என்று விற்பவர் உறுதி சொல்லியிருந்தார். சொன்னபடியே உட்கார்ந்தது.

உரிமையாளரின் அக்காள் மகன் கணினியில் கைவந்தவர். அவரே அதைப் பொருத்தி, மின்சாரத்தைக் கொடுத்தார். விசிறிகள் முழு வேகத்தில் சுழன்றன. திரையில் ஒன்றும் வரவில்லை. பீப் ஒலி மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. பொருத்தும்போது சாக்கெட்டின் ஊசிகளை வளைத்துவிட்டோமோ என்று மருமகன் பயந்தார். மதர்போர்டே போய்விட்டது, புதிதாக வாங்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் யாரோ சொன்னதும் பயம் கூடிவிட்டது. அதன் பிறகே என்னை அழைத்தார்கள்.

பார்த்ததும் சோதித்ததும்

உரிமையாளர் என்னைவிட மூத்தவர். அண்ணன் என்றுதான் அழைப்பேன். “தம்பி, போர்டு செத்துவிட்டதா, அதை மட்டும் சொல்லுங்கள்” என்றார்.

முதலில் பூதக்கண்ணாடியால் இரண்டாம் சாக்கெட்டைப் பார்த்தேன். எல்லா ஊசிகளும் ஒரே வரிசையில், ஒரே சாய்வில் இருந்தன. பிறகு புதியதைக் கழற்றிவிட்டுப் பழைய 2670ஐ மட்டும் வைத்து ஓட்டினோம். கணினி எழுந்தது. அடுத்து, பழையதைக் கழற்றி, வி2வை மட்டும் முதல் சாக்கெட்டில் வைத்தோம். அப்போதும் எழுந்தது. கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸை முன்பு வைத்திருந்தவர் புதுப்பித்திருந்ததால் போர்டுக்கு வி2 தெரிந்திருந்தது.

இந்த மூன்று சோதனையும் வரிசையாகச் செய்ய வேண்டியவை. இரண்டு பிராசசரும் நலம், போர்டும் நலம், சேர்த்து வைத்தால் மட்டுமே மறுப்பு என்று அவை காட்டிவிட்டன. போர்டு பழுதாகவில்லை, பழுதாகாமல் காத்துக்கொண்டது என்று அண்ணனிடம் சொன்னேன்.

ஏன் மறுத்தது

பெயரில் 2670 என்று ஒத்திருந்தாலும் இவை இரண்டும் வெவ்வேறு தலைமுறை. முதலாவது சாண்டி பிரிட்ஜ், 32 நானோமீட்டர். வி2 என்பது ஐவி பிரிட்ஜ், 22 நானோமீட்டர், 2013இல் வந்தது. முன்னதில் 8 கோர், 20 எம்பி கேஷ். பின்னதில் 10 கோர், 25 எம்பி. பிராசசர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் அடையாள எண்ணில் குடும்பம் இரண்டுக்கும் 6தான். மாடல் எண் ஒன்றுக்கு 45, மற்றதற்கு 62. கணினி எழும்போது பயாஸ் இந்த எண்களை ஒப்பிடுகிறது. குடும்பம், மாடல், கோர் எண்ணிக்கை, கேஷ் அளவு இவற்றில் ஏதேனும் வேறுபட்டால் இன்டெல்லின் சர்வர் போர்டுகள் மேலே செல்லாமல் நின்றுவிடும்படி எழுதப்பட்டிருக்கின்றன. மற்ற நிறுவனங்களின் போர்டுகளும் பெரும்பாலும் இதே வழியில் போகின்றன.

இந்தக் கண்டிப்பு எதற்கு என்று மருமகன் கேட்டார். நியாயமான கேள்வி, இதற்குப் பதில் தெரியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயனில்லை.

இரட்டைப் பிராசசர் கணினியில் இரண்டும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றின் கேஷிலும் உள்ள தரவு மற்றதோடு முரண்படாதபடி, இரண்டுக்கும் நடுவே ஓடும் க்யூபிஐ இணைப்பு வழியாக ஓயாமல் பேசிக்கொள்கின்றன. இயங்குதளமோ எல்லாக் கோர்களும் ஒன்றே என்று நம்பி, ஒரு வேலையை இந்தக் கணம் இங்கும் அடுத்த கணம் அங்கும் நகர்த்துகிறது. ஒரு மென்பொருள் தொடங்கும்போது, “உனக்கு எந்தெந்தக் கட்டளைகள் தெரியும்?” என்று தான் ஓடும் கோரிடம் பொதுவாக ஒரே ஒரு முறை கேட்டுக்கொள்ளும். 16 பிட் தசம எண்களை மாற்றும் எஃப்16சி கட்டளை வி2வுக்குத் தெரியும். முதல் தலைமுறைக்குத் தெரியாது. ரெண்டரிங் செய்த படங்களைச் சேமிக்கும் கோப்பு வகைகளில் அந்த எண்கள் நிறைய உண்டு. வி2வில் தொடங்கிய வேலை நடுவழியில் பழைய பிராசசருக்கு மாற்றப்பட்டு, அங்கே அந்தக் கட்டளை வந்தால், மென்பொருள் அந்த இடத்திலேயே முறிந்து மூடும். எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படி ஓடுவதைவிட எழ மறுப்பதே மேல்.

“அண்ணே, இப்போது வரும் மடிக்கணினிகளில் பெரிய கோர், சிறிய கோர் என்று கலந்துதானே வைக்கிறார்கள்?” என்றார் மருமகன். உண்மைதான். 2021இல் வந்த இன்டெல்லின் 12ஆம் தலைமுறை அப்படித்தான். ஆனால் அங்கே என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய கோர்களுக்கு ஏவிஎக்ஸ்-512 கட்டளைகள் தெரியும். சிறிய கோர்களுக்குத் தெரியாது. ஆகவே பெரியவற்றிலும் அந்த வசதியை முடக்கிவிட்டார்கள். வேகம் வேறுபடலாம், மொழி வேறுபடக் கூடாது என்பதே அங்கும் நிலை. அந்த வேக வேறுபாட்டைக் கையாளவும் பிராசசருக்குள் தனி ஏற்பாடும், அதைப் புரிந்துகொள்ளும் இயங்குதளமும் தேவைப்பட்டன. 2012 வொர்க்ஸ்டேஷனில் இவை எதுவும் கிடையாது.

இடைக்கால ஏற்பாடு

மூன்று வழிகள் இருந்தன. இன்னொரு வி2 வாங்கி இரண்டையும் புதிய தலைமுறையாக்குவது. வி2வை விற்றுவிட்டு முதல் தலைமுறை 2670 ஒன்றைத் தேடுவது. மூன்றாவது வழியை மருமகனே கொண்டுவந்தார். அவருடைய நண்பர் வேலை செய்யும் இடத்தில் கழித்துப்போட்ட சர்வரில் ஈ5-2660 ஒன்று கிடந்தது. இரவலாகத் தர ஆயத்தமாக இருந்தார்.

2660 முதல் தலைமுறைதான். 8 கோர், 20 எம்பி, க்யூபிஐ வேகம் 8.0 என எல்லாம் 2670ஐப் போலவே. பொருத்தத்துக்கு முக்கியமான வேறுபாடு கடிகார வேகத்தில் மட்டும்: 2.6க்குப் பதில் 2.2. வேகம் மட்டும் வேறுபட்டால் பயாஸ் இரண்டையும் பொதுவான வேகத்துக்கு இறக்கி ஓட்ட முயலும் என்பது நான் அறிந்த நடைமுறை. திருப்பணிக் குழுவின் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. நல்ல இணை கிடைக்கும் வரைக்கும் மட்டும், கடனாக வந்ததைக் கடனாகவே வைத்து ஓட்டலாம் என்று முடிவெடுத்தோம். இதை நிரந்தரமாக்கக் கூடாது என்று அன்றைக்கே அண்ணனிடம் உறுதி வாங்கிக்கொண்டேன். ஓடுகிற கலப்பு ஏற்பாட்டை மாற்ற யாருக்கும் மனம் வராது என்று தெரியும்.

பொருத்தியதும் கணினி முணுமுணுக்காமல் எழுந்தது. பயாஸ் திரையில் இரண்டு பிராசசரும் தெரிந்தன. விண்டோஸிலோ ஒன்றுதான் தெரிந்தது. கலப்புதான் காரணம் என்று எல்லோரும் எண்ணினார்கள். காரணம் வேறு: அந்தக் கணினியில் இருந்தது விண்டோஸ் 10 ஹோம். அது ஒரே ஒரு சாக்கெட்டை மட்டுமே ஏற்கும். இரண்டு வேண்டுமானால் புரோ பதிப்பு வேண்டும். பதிப்பை மாற்றியதும், கோருக்கு இரண்டு வேலை இழைகள் என்ற கணக்கில் 32 திரெட்டுகளும் வந்துவிட்டன.

இரண்டும் 2.2இல் ஓடின. கணக்கு எளிது. முன்பு 8 கோர், 2.6 வேகம், பெருக்கினால் 20.8. இப்போது 16 கோர், 2.2, பெருக்கினால் 35.2. ரெண்டரிங் போன்று எல்லாக் கோர்களுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பணியில் இது நல்ல லாபம். ஆனால் பகலில் வரைபவர்கள் முகம் சுளித்தார்கள். மாதிரியைத் திருப்பிப் பார்ப்பது, ஒரு சிற்பத்தை நகர்த்துவது எல்லாம் பெரும்பாலும் ஒரே கோரில் நடக்கும் வேலை. அங்கே 2.6லிருந்து 2.2க்கு இறங்கியது கையிலேயே தெரிந்தது. இரண்டாவது பிராசசர் வந்த பிறகு கணினி மெதுவாகிவிட்டது என்று ஒருவர் சொன்னபோது அண்ணன் நம்பவில்லை. அவர் சொன்னது சரி.

இரவில் வந்த நீலத்திரை

இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இனி வரும் பகுதி.

இரவு முழுதும் ரெண்டரிங் ஓடவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் வந்து பார்த்தால் கணினி தானாக அணைந்து எழுந்து, கடவுச்சொல் கேட்டு நின்றது. பாதிப் படங்களே முடிந்திருந்தன. நிகழ்வுப் பதிவில், விண்டோஸை நீலத்திரையோடு நிறுத்தும் வகையான, சரிசெய்ய முடியாத வன்பொருள் பிழை என்ற குறிப்பு. மறுநாள் இரவும் அதே.

அலுவலகத்தில் ஒருவருக்கும் ஐயமே இல்லை: வேறு வேறு பிராசசரைப் போட்டால் இப்படித்தான் ஆகும். தொலைபேசியில் கேட்டபோது விற்பனையாளரும் அதையே சொன்னார். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. ஆனால் கலப்பு மட்டும் புதிதல்ல. அதோடு சேர்ந்து நான்கு பழைய ரேம் பட்டைகளும் வந்திருந்தன. ஒரு வெப்பத் தணிப்பான் வந்திருந்தது. மின்வழங்கியிலிருந்து இரண்டாம் 8 ஊசி இணைப்பும் முதல் முறையாகப் பயன்பட்டது. நான்கில் ஒன்றை மட்டும் குற்றவாளியாக்குவது எளிது, நியாயமில்லை.

பயாஸின் சொந்தப் பதிவைத் திறந்தோம். இரண்டாம் பிராசசரைச் சேர்ந்த ஒரு ரேம் இடத்தில், தரவு பிசகியதைக் காட்டும் இசிசி பிழைகள் மீண்டும் மீண்டும் குறிக்கப்பட்டிருந்தன. இதுவும் தீர்ப்பாகிவிடாது. இந்தத் தலைமுறையில் நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே அந்தப் பிழைக்கு ரேம் பட்டை காரணமாகலாம், போர்டில் உள்ள இடம் காரணமாகலாம், இரவல் 2660 காரணமாகலாம், சாக்கெட்டில் சரியாக அழுந்தாத ஓர் ஊசியும் காரணமாகலாம்.

ஒரே ஒரு மாற்றம் செய்தோம். பிழை காட்டிய பட்டையை முதல் பிராசசரின் பக்கத்துக்கு மாற்றி, அங்கிருந்த நல்ல பட்டையை இங்கே வைத்தோம். வேறு எதையும் தொடவில்லை. அன்றிரவு பிழை முதல் பிராசசரின் பக்கத்தில் பதிவானது. பட்டையோடு பிழையும் போயிருந்தது. பட்டைதான் கெட்டது, கலப்பு இந்த வழக்கில் குற்றமற்றது.

அந்தப் பட்டையைக் கழற்றிய பிறகு நீலத்திரை வரவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வருவதற்குள் இரவுகள் போயின, அலுவலகத்தில் பேச்சு வளர்ந்தது, கணினியையே விற்றுவிடலாமா என்ற யோசனைகூட எழுந்தது. இரண்டு பிராசசரும் ஒன்றாக இருந்திருந்தால் ரேமை அன்று காலையிலேயே சந்தேகித்திருப்போம். கலப்பு ஓடாமல் போவதைவிட ஓடும்போது வைக்கும் விலை இதுதான் என்று எண்ணுகிறேன்: அதன் பிறகு வரும் ஒவ்வொரு பழுதும் அதன் கணக்கில் எழுதப்படும், அது இல்லை என்று நிறுவுவது நம் வேலையாகிவிடும்.

இணை தேடியது

அண்ணன் அதன் பிறகு தயங்கவில்லை. இன்னொரு வி2 வாங்குவதா, முதல் தலைமுறை 2670 வாங்குவதா என்று பார்த்தோம். வி2 இணை கோர் எண்ணிக்கையில் மேல்: 20 கோர். ஆனால் அதன் அடிப்படை வேகம் 2.5, வரைபவர்களுக்கு அதனால் பெரிய ஆறுதல் இல்லை. வாங்கும் விலையும் அன்று கூடுதல். 2670 ஒன்றைத் தேடினோம்.

இம்முறை பெயரை வைத்துத் தேடவில்லை. பிராசசரின் உலோக மூடியில் ஐந்து எழுத்துக் குறியீடு ஒன்று பொறித்திருக்கும். நம்முடையதில் எஸ்ஆர்0கேஎக்ஸ் என்று இருந்தது; அது சி2 எனப்படும் திருத்தப் பதிப்பு. முன்னதாக வந்த சி1 பதிப்புக்கு எஸ்ஆர்0எச்8. திருத்தப் பதிப்பு மட்டும் வேறுபட்டால் இன்டெல் தடை சொல்வதில்லை. பயாஸில் இரண்டுக்கும் உரிய மைக்ரோகோடு (பிராசசரின் உள் நிரல்) இருந்தால் ஓடும். விற்பனையாளர் ஒருவர் சி1ஐக் குறைந்த விலைக்குத் தர முன்வந்தார். மருமகன் அதை வாங்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஓடாது என்பதற்காக இல்லை. அந்த அலுவலகத்துக்கு இனி ஒரு சந்தேகமும் மிச்சமிருக்கக் கூடாது என்பதற்காக. மூடியின் படத்தை அனுப்பச் சொல்லி, எஸ்ஆர்0கேஎக்ஸ் என்று கண்ணால் பார்த்த பிறகே பணம் போனது.

நம்முடையதில் கோஸ்டா ரிக்கா என்றும், வந்ததில் மலாய் என்றும் பொறித்திருந்தது. இது பொருத்தத்தைக் கெடுக்குமா என்று அண்ணன் கேட்டார். கெடுக்காது, பிராசசரை இறுதியாகக் கூட்டிச் சோதித்த நாட்டையே அது குறிக்கிறது. இன்டெல் 1972இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் கூட்டிணைப்பு ஆலையை இதே பினாங்கில் தொடங்கியது. அந்த மூடியைப் பிடித்துப் பார்த்தபோது எனக்குள் ஒரு பெருமிதம் எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. நம் உறவினர்களில் எத்தனை பேர் பாயான் லெப்பாஸ் ஆலைகளில் வேலை பார்த்து வீடு கட்டியிருக்கிறார்கள்!

விளைவு

இரண்டு 2670ம் 2.6 வேகத்தில் ஒன்றாக ஓடின. பகல் வேலையின் சுணக்கம் போயிற்று. கெட்ட ரேம் பட்டைக்குப் பதில் அதே அளவில் வேறொன்று வந்தது. காணொளி, திருப்பணிக் குழுவின் முதல் கூட்டத்துக்கு முழுமையாகத் தயாராகவில்லை. கோபுரத்தின் நிலையான படங்களை மட்டும் காட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் காணொளியைக் காட்டினார்கள். இரவல் 2660 உரியவரிடம் திரும்பிப் போனது. வி2வைப் பிறை என்ற ஊரில் ஒருவர், தன்னிடம் உள்ளதன் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, வாங்கிக்கொண்டார்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

பணம் கொடுப்பதற்கு முன் மூடியின் படத்தைக் கேட்க வேண்டும். எண்ணின் வாலில் உள்ள வி2, வி3, வி4 அலங்காரம் அல்ல, அவைதான் தலைமுறை. வி3, வி4 இரண்டும் எல்ஜிஏ 2011-3 சாக்கெட்டில் உட்காரும். அவற்றையும் தம்முள் கலக்க முடியாது. எண் 26க்குப் பதில் 16 என்று தொடங்கினால், எடுத்துக்காட்டாக ஈ5-1650, அது தனியாக மட்டுமே இயங்கும். அதே சாக்கெட்டில் உட்கார்ந்தாலும் இன்னொன்றோடு சேராது. இன்னொரு நிறுவனமான ஏஎம்டியின் எபிக் வகை சர்வர் பிராசசர்களில் எண்ணின் முடிவில் பி வந்தால் அதுவும் ஒற்றைச் சாக்கெட்டுக்கு உரியது. இன்டெல் பிராசசரின் மூடியில் உள்ள குறியீடு க்யூ என்று தொடங்கினால் அது விற்பனைக்கு வராத சோதனை மாதிரி. விலை எவ்வளவு குறைவானாலும் தொட வேண்டாம்.

இரண்டாம் பிராசசர் தனியாக வருவதில்லை என்பதையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்குத் தன் பக்கத்தில் ரேம் வேண்டும், மின் இணைப்பு வேண்டும், பொருத்தமான தணிப்பான் வேண்டும். எல்ஜிஏ 2011 தணிப்பான்களில் சதுரம், குறுகல் என்று திருகு இடைவெளி இரு வகைப்படும்; அளந்து வாங்க வேண்டும். பழைய ரேமை வேலைக்கு விடுமுன் ஓர் இரவு முழுதும் தனியாகச் சோதித்திருந்தால், இந்த நிகழ்வின் பாதி நடந்தே இருக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இரண்டாம் சாக்கெட் தேவைதானா? 2020இல் வந்த ஏஎம்டி ரைசன் 9 5950எக்ஸ் ஒரே சாக்கெட்டில் 16 கோர் தருகிறது, 105 வாட், 128 ஜிபி ரேம் வரை தாங்கும். இணை தேடும் தொல்லையே இல்லை. ஆனால் அதற்கு மதர்போர்டும் ரேமும் புதிதாக வாங்க வேண்டும். கையில் இருந்த வொர்க்ஸ்டேஷனுக்கு ஒரு பிராசசர் வாங்கும் செலவோடு அதை ஒப்பிட்டபோது அண்ணனுக்குப் பழையதே கட்டுப்படியானது. கோயில் வேலைகள் தொடர்ந்து வந்தால் அந்தக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.